எச்சமும் காலமும்: ஆங்கிலப் பார்ட்டிசிப்பிள் நடந்து வந்த வழி

ஆங்கிலத்தில் காலத்தைச் சுட்டும் எளிய சொற்களுள் 'ட்யூரிங்' என்பதும் ஒன்று. 'போரின்போது', 'விடுமுறையின்போது' என்று நாம் பெயருக்குப் பின்னே ஒட்டுவதை அம்மொழியினர் பெயருக்கு முன்னே வைப்பர். பள்ளி இலக்கணம் அதனை முன்னிடைச்சொல் என்று பெயரிட்டு முடித்துக்கொள்ளும். ஆனால் அதன் வாலில் நிற்கும் 'இங்' என்ற விகுதியைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? 'ட்யூர்' என்றொரு வினைச்சொல் ஆங்கிலத்தில் முன்பு வழங்கியது. நீடித்தல் என்பது பொருள். பிரெஞ்சு வழியாக வந்தது. 'போர் நீடிக்க' என்று இலத்தீனில் இருந்த ஒரு தனித்தொடரை அப்படியே பெயர்த்துச் சொன்னபோது பிறந்ததுதான் இந்த 'ட்யூரிங்'. வினை வழக்கொழிந்தது, எச்சம் மட்டும் எஞ்சி இடைச்சொல்லாகிவிட்டது.

இது தனியொரு விபத்து அன்று. வழக்கு நிலுவையில் இருக்கையில் என்று சொல்ல உதவும் 'பெண்டிங்' இலத்தீனில் 'தொங்க' என்னும் எச்சத்தின் பிரதி. 'அகோ' என்பது கழிந்துபோதலைக் குறித்த ஒரு பழைய வினையின் இறந்தகால எச்சம். 'பத்தாண்டு அகோ' என்றால் 'பத்தாண்டு கழிந்து' என்றே மூலப் பொருள். ஒரு மணி தாண்டிப் பத்து நிமிடம் என்பதற்கு வரும் 'பாஸ்ட்' கூட 'பாஸ்' என்ற வினையின் எச்சமே. ஆங்கிலேயன் நேரம் சொல்ல வாய் திறக்கும் இடங்கள் பலவற்றில் அவன் அறியாமலே ஒரு பார்ட்டிசிப்பிள் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் படித்தவர்க்கு இது வியப்பாக இராது. 'பற்றி', 'குறித்து', 'கொண்டு', 'தவிர', 'விட' என்று நாம் நாளும் புழங்கும் சொல்லுருபுகள் யாவும் வினையெச்சங்களாய்ப் பிறந்து உருபுகளாய் ஓய்வு பெற்றவை அல்லவா?

பார்ட்டிசிப்பிள் என்ற பெயருக்கே 'பங்கு கொள்வது' என்று பொருள். பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்குடையது என்று கருதிக் கிரேக்க இலக்கணிகள் இட்ட பெயரை இலத்தீனர் மொழிபெயர்த்துக்கொண்டனர். நம் பெயரெச்சமும் வினையெச்சமும் சேர்ந்து ஒரே கூரையின்கீழ் வாழ்வதாக எண்ணிக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். 'ஓடுகிற நீர்' என்பதற்கும் 'ஓடி வந்தான்' என்பதற்கும் அங்கே ஒரே வடிவம்: 'ரன்னிங்'. இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது இரண்டாவது வேலையை மட்டுமே. அதாவது, வாக்கியத்தின் முதன்மை வினைக்கு முன்னோ பின்னோ தொற்றிக்கொண்டு, 'எப்போது' என்ற கேள்விக்கு மறைமுகமாக விடை சொல்லும் எச்சத்தொடர். அத்தொடருக்கென்று சொந்தக் காலம் இல்லை. முதன்மை வினையிடமிருந்து கடன் வாங்குகிறது. அந்தக் கடன் எத்தகையது, உடன்நிகழ்ச்சியா, முன்நிகழ்ச்சியா, பின்நிகழ்ச்சியா என்பதை வடிவம் தெளிவாகச் சொல்வதில்லை. ஆங்கில உரைநடையின் ஓராயிரம் ஆண்டு வரலாற்றில் இந்தத் தெளிவின்மையோடு மொழிபெயர்ப்பாளரும் இலக்கணிகளும் மல்லுக்கட்டிய கதை சுவையானது. சில இடங்களில் அது வெறும் சுவையோடு நின்றதுமில்லை.

பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நார்மானியர் வருவதற்கு முந்தைய மொழியில், நிகழ்கால எச்சத்தின் விகுதி 'இங்' அன்று, 'எண்டே'. குதிரையேறிச் செல்பவனைச் சொல்ல 'ரீடெண்டே' என்றனர். 'இங்', 'உங்' என்பன தொழிற்பெயர் விகுதிகள். நம் 'தல்', 'கை' போன்றவை. இவை இரண்டும் வேறு வேறு குடும்பம். இடைக்காலத்தில் வடக்கே 'அண்ட்', நடுநாட்டில் 'எண்ட்', தெற்கே 'இண்ட்' என்று எச்ச விகுதி மூன்றாய்ப் பிரிந்து கிடந்தது. ஏறத்தாழ 1200 தொட்டுத் தெற்கில் அது தொழிற்பெயர் விகுதியோடு கலக்கத் தொடங்கி, பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் 'இங்' என்ற ஒரே வடிவம் பொதுமொழியில் வென்றுவிட்டது. ஸ்காட்லாந்து எழுத்தில் மட்டும் பழைய வேறுபாடு மேலும் சில தலைமுறை பிழைத்தது. 'செய்தல்' என்பதும் 'செய்துகொண்டு' என்பதும் ஒரே உருவில் வந்து நிற்கும் இன்றைய நிலை இவ்வாறு நேர்ந்தது. ஒலி மாற்றம் இலக்கணத்தின் வேலியை உடைத்துவிடுவது எல்லா மொழிக்கும் உரியதுதான். எனினும் இவ்வளவு பெரிய உடைப்பு அடிக்கடி நிகழ்வதில்லை.

விகுதி மாறியதைக் காட்டிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. எச்சத்தொடரால் காலம் சொல்லும் பழக்கம் ஆங்கிலேயர்க்குச் சொந்தமானதா, வந்ததா? மார்கன் காலவே என்ற அமெரிக்க அறிஞர் 1889இல் பழைய ஆங்கிலத்தின் தனித்தொடர்களையும், 1901இல் எழுவாயோடு ஒட்டி வரும் எச்சத்தொடர்களையும் நூல் நூலாகத் துருவி எண்ணினார். தனித்தொடர் இலத்தீன் மூலத்தை நிழல்போலத் தொடரும் மொழிபெயர்ப்புகளிலேயே மிகுந்து காணப்படுகிறது. அது இலத்தீனின் பிரதி என்பது அவர் முடிவு. ஒட்டி வரும் எச்சத்திலும் பெரும்பகுதி அவ்வழியே வந்தது என்றார். லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டில் பத்தாம் நூற்றாண்டில் ஆல்ட்ரெட் என்ற குரு இலத்தீன் வரிகளுக்கு நடுவே சொல்லுக்குச் சொல் ஆங்கிலம் எழுதினார். அங்கே எச்சத்துக்கு எச்சம் நேர் நேராக வந்து விழுகிறது. அது மொழிபெயர்ப்பு அன்று, பதவுரை. தன் மக்களுக்காகத் தாமே எழுதியோர் இலத்தீன் எச்சத்தைக் கண்டபோதெல்லாம் 'அப்பொழுது' என்று தொடங்கும் முழு வாக்கியமாக விரித்துக்கொண்டனர்.

இலத்தீனிலும் ஒரு குறை இருந்தது. அதில் செய்வினைக்கு இறந்தகால எச்சம் கிடையாது, சில விதிவிலக்கான வினைகளைத் தவிர. 'நகரைக் கைப்பற்றி சீசர் திரும்பினான்' என்று நாம் இரு சொல்லில் முடிப்பதை அவர்களால் சொல்ல இயலாது. 'நகர் கைப்பற்றப்பட, சீசர் திரும்பினான்' என்று செயப்பாட்டுவினையில் வளைத்துத்தான் சொல்ல வேண்டும். சீசரின் போர்க்குறிப்புகளைப் பாடமாகப் படித்த மாணவர்கள் பல நூற்றாண்டுகளாகப் பட்ட துன்பத்தின் வேர் இதுவே. கைப்பற்றியவன் சீசரா வேறொருவனா என்பதைச் சொற்கள் சொல்லா. சூழலே சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எடுத்துப் பேசிய ஓர் ஆங்கில எழுத்து பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கிறது. என் நோக்கில் இவ்வரலாற்றின் உச்சம் அதுதான். ஆகவே சற்று நின்று பார்ப்போம்.

ஜான் விக்கிளிஃபின் சிந்தனையைப் பின்பற்றியோர் விவிலியம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். முதற்பெயர்ப்பு 1382ஐ ஒட்டியது. அது இலத்தீனின் அடியைப் பிடித்துக்கொண்டு நடப்பது. எச்சத்தை எச்சமாகவே விட்டுவிடுவது. இலத்தீன் அறியாதவன் படித்தால் பல இடங்களில் திகைப்பான். விக்கிளிஃப் 1384இல் இறந்தார். அதன் பின்னர் அவருடைய வழியினர் அதைத் திருத்தி எழுதினர். இரண்டாம் பெயர்ப்புக்கு 1395ஐ ஒட்டி ஒரு நீண்ட பொது முன்னுரையும் சேர்ந்தது. அதை எழுதியவர் ஜான் பர்வி என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. இன்றைய ஆய்வாளர் அதை உறுதி என்று ஏற்பதில்லை. பெயர் தெரியாத அந்த ஆசிரியர் முன்னுரையின் பதினைந்தாம் இயலில் தம் மொழிபெயர்ப்பு முறையை விளக்குகிறார். அங்கே எச்சம் வருகிறது.

அவர் சொல்வதன் சாரம் இது. இலத்தீன் தனித்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை. அதை 'அவ்வாறு நிகழ்கையில்' என்றோ, 'ஆதலால்' என்றோ, 'ஆயின்' என்றோ பொருள்படும் சொற்களோடு ஒரு முற்றுவினை சேர்த்து விரித்துக்கொள்ளலாம். சில இடங்களில் 'பொழுது' என்றோ 'பிறகு' என்றோ விரிப்பதே பொருளுக்குப் பொருந்தும். தனித்தொடர் அல்லாத எச்சத்தை 'உம்' போன்ற இணைப்புச் சொல்லோடு அதே காலத்து முற்றுவினையாக மாற்றிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, ஆசிரியர் வாசிப்பதும் பேசுபவர் நிற்பதுமான ஒரு சின்னஞ்சிறு தொடரை எடுத்துக்கொண்டு, அதை இத்தனை வழியிலும் விரித்துக் காட்டுகிறார். வாசிக்கும்போது நிற்பது, வாசித்தபின் நிற்பது, வாசிப்பதனால் நிற்பது, வாசித்தால் நிற்பது எல்லாம் அந்த ஒரு தொடருக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இதைப் படிக்கும் தமிழாசிரியனுக்குச் 'செய' என்னும் வாய்பாடு நினைவுக்கு வராமல் இருக்காது. 'மணி அடிக்கப் பிள்ளைகள் ஓடினார்கள்' என்றால் காரணமும் ஆம், உடன்நிகழ்ச்சியும் ஆம். 'பிள்ளைகள் ஓட மணி அடித்தார்' என்றால் நோக்கம். நம் உரையாசிரியர்கள் இதைக் காரணம், காரியம், உடன்நிகழ்ச்சி என்று பிரித்து எழுதிய அதே வேலையைத்தான் அந்த ஆங்கிலேயரும் செய்கிறார். ஆங்கில மொழிக்கென்று முதல் இலக்கண நூல் வில்லியம் புல்லோக்கரால் 1586இல்தான் அச்சாகிறது என்பதை நினைத்தால், அதற்கு ஏறத்தாழ இருநூறாண்டு முன்பே இத்தனை நுட்பமான ஒரு பத்தி எழுதப்பட்டிருப்பதன் அருமை விளங்கும். இலக்கணம் எழுதும் ஆசையினால் எழுந்தது அன்று அது. உழவனும் நெசவாளியும் கேட்டால் விளங்கவேண்டும் என்ற தேவையினால் எழுந்தது.

விளங்கவேண்டும் என்பதே குற்றமாகவும் ஆயிற்று. கான்டர்பரிப் பேராயர் தாமஸ் ஆரண்டெல் 1409இல் வெளியிட்ட ஆணைகள், திருச்சபையின் ஒப்புதலின்றி மறைநூலை ஆங்கிலத்தில் பெயர்ப்பதையும் அத்தகைய புதிய பெயர்ப்பை வாசிப்பதையும் தடுத்தன. விக்கிளிஃபின் எலும்புகள் 1428இல் தோண்டியெடுத்து எரிக்கப்பட்டன. அப்படியிருந்தும் அம்மொழிபெயர்ப்பின் ஏடுகள் இருநூற்றைம்பது அளவில் இன்றும் எஞ்சியுள்ளன. இடைக்கால ஆங்கில நூல் எதற்கும் இத்தனை பிரதி இல்லை. எச்சத்தை முற்றாக்கி எழுதிய அந்தக் கை யாருடையதோ, அதன் உழைப்பு வீணாகவில்லை.

அதன்பின் வந்த வில்லியம் டிண்டேல் கிரேக்கத்திலிருந்தே பெயர்த்தார். 1526இல் வார்ம்ஸ் நகரில் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1536இல் கழுத்தை நெரித்து அவரைக் கொன்று உடலை எரித்தனர். அவரும் எச்சத்தை உடைத்து 'வென்', 'அண்ட்' என்று எழுதும் பக்கமே சாய்ந்தவர். எதிர்முகாமில், 1582இல் ரீம்ஸ் நகரில் வெளிவந்த கத்தோலிக்கப் பெயர்ப்பு இலத்தீன் எச்சத்தைக் கூடியவரை காத்தது. விண்மீனைக் கண்டு ஞானியர் மகிழும் இடத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ரீம்ஸ் பெயர்ப்பில் 'சீயிங்' என்ற எச்சம். 1611இன் அரசர் பெயர்ப்பில் 'வென்' என்று தொடங்கும் கிளைவாக்கியம். ஒரே நிகழ்ச்சி, ஒரே காலம். ஆனால் முன்னது காண்பதையும் மகிழ்வதையும் ஒரே மூச்சாக்குகிறது. பின்னது முதலில் காணவைத்துப் பிறகு மகிழவைக்கிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், வாய்விட்டு வாசிப்பதற்குப் பின்னதும் மனத்துக்குள் வாசிப்பதற்கு முன்னதும் என்பேன்.

பதினாறாம் நூற்றாண்டில் இன்னொரு புதுவரவு. 'ஹேவிங்' என்ற துணையோடு இறந்தகால எச்சத்தைச் சேர்த்து, முன்நிகழ்ச்சியைத் திட்டவட்டமாகச் சொல்லும் வடிவம் பெருகியது. 'ஹேவிங் ஈட்டன்' என்றால் 'உண்டுவிட்டு'. இனி ஐயத்துக்கு இடமில்லை. இலத்தீனும் கிரேக்கமும் கற்ற உரைநடையாளர் கையில் இது ஓர் ஆயுதமாயிற்று. 1590இல் அச்சான பிலிப் சிட்னியின் 'ஆர்கேடியா'வைத் திறந்தால் எச்சத்தின்மேல் எச்சமாக அடுக்கி, முற்றுவினை எப்போது வரும் என்று ஏங்கவைக்கும் வாக்கியங்களைக் காணலாம். இலத்தீனில் இல்லாத செய்வினை இறந்தகால எச்சத்தை ஆங்கிலம் தனக்கென்று இவ்வாறு செய்துகொண்டது. நமக்கோ 'செய்து' என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வீட்டில் இருக்கும் பொருள்.

எச்சத்துக்கு எழுவாய் யார் என்ற தகராறு இதற்கு அடுத்து வருகிறது. 'ஹேம்லட்' நாடகத்தின் முதல் அங்கத்தில், இறந்த மன்னனின் ஆவி, தன் சாவைப் பற்றி ஊரில் பரப்பப்பட்ட பொய்யைச் சொல்கிறது: தோட்டத்தில் உறங்குகையில் பாம்பு தீண்டியது என்று. அவ்வாக்கியத்தில் உறக்கத்தைச் சொல்லும் எச்சத்துக்கு அருகில் நிற்கும் எழுவாய் பாம்பு. பள்ளி ஆசிரியர் சிவப்பு மையோடு பார்த்தால் உறங்கியது பாம்பாகிவிடும். ஆனால் நாடகம் பார்த்த எவனும் அப்படி எண்ணியிருக்கமாட்டான். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பிழையும் அன்று. எச்சம் காலச்சூழலைச் சொல்ல வந்தது. யார் உறங்கினார் என்பதைக் கேட்பவன் அறிவான்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஒழுங்குக்குப் பெயர்போனது. மில்டனின் 'இழந்த சொர்க்கம்' பன்னிரண்டாம் காண்டத்தில் இறைவன் சீனாய் மலைமேல் இறங்கும் இடத்தில் ஒரு தனித்தொடர் வருகிறது. அதில் 'அவர்' என்பது எழுவாய் வேற்றுமையில் நிற்கிறது. 1732இல் அக்காவியத்தைத் திருத்திப் பதிப்பித்த ரிச்சர்ட் பெண்ட்லி, இலத்தீன் முறைப்படி அது 'ஹிம்' என்று வேற்றுமைப்பட வேண்டும் என்று வாதிட்டார். (குருடரான மில்டன் சொல்லச் சொல்ல எழுதி அச்சுக்குக் கொடுத்தவர் எவரோ காவியத்தில் புகுந்து விளையாடிவிட்டார் என்பது பெண்ட்லியின் கொள்கை. தமக்குப் பிடிக்காத அடிகளையெல்லாம் அந்தக் கற்பனை மனிதர் தலையில் கட்டினார். நம் பதிப்பாசிரியர் சிலரும் நினைவுக்கு வரக்கூடும்.) 1762இல் தம் சிறு ஆங்கில இலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் லௌத் இதை மறுத்தார். ஆங்கிலத்தில் இலத்தீனுக்குரிய அந்த வேற்றுமையே இல்லை. தனித்தொடரின் பெயர் எழுவாய் வேற்றுமையில்தான் நிற்க வேண்டும் என்றார். லௌத்தை இலத்தீன் அளவுகோலால் ஆங்கிலத்தை அடித்தவர் என்று பழிப்பது வழக்கம். இவ்விடத்தில் அளவுகோலைத் தூக்கி எறிந்தவர் அவர்தான்.

எச்சத்தின் எழுவாயும் முற்றின் எழுவாயும் ஒன்றாதல் வேண்டும் என்ற விதி மெல்ல மெல்ல இறுகியது. ஃபௌலர் சகோதரர் 1906இலும், ஹென்றி ஃபௌலர் தனியே 1926இலும் பற்றுக்கோடில்லாத எச்சத்தைப் பற்றி எழுதினர். அமெரிக்காவில் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்க்கென்று அச்சிட்ட சிறுநூலில் வாக்கிய முதலில் வரும் எச்சத்தொடர் எழுவாயையே சேர வேண்டும் என்று விதித்தார். அது 1959இல் வைட் கைபட்டு உலகெங்கும் பரவியது. எழுவாயை மாற்றிவிட்டால் நகைப்புக்கிடமாகும் வாக்கியங்களைத் திரட்டித் தருவது அன்றிலிருந்து ஆங்கில ஆசிரியர்களின் பொழுதுபோக்கு.

நம் இலக்கணம் இதே கேள்வியை எப்படி எதிர்கொண்டது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடு ஒன்பது கூறி, அவற்றுள் 'செய்து' முதலிய மூன்று தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்கிறார். ஸ்ட்ரங்கின் விதி அச்சாக அதுவே. ஆனால் 'கால் ஒடிந்து விழுந்தான்' என்று வழங்குகிறதே! ஒடிந்தது கால், விழுந்தவன் அவன். சினைவினை முதல்வினையோடு முடிவது குற்றமில்லை என்று அவரே அடுத்து இடம் தருகிறார். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பதில் எழுவாய்கள் முற்றிலும் வேறு. அதையும் பிற்கால இலக்கணம் தள்ளவில்லை. 'பெய்ய' என்பது 'பெய்து' எனத் திரிந்தது என்று கொண்டு, எச்சத்திரிபு என்று ஒரு பெயரும் கொடுத்தது. வழக்கு முன்னே சென்றது. விதி அதன் பின்னே சென்று இடம் செய்துகொடுத்தது. ஆங்கில இலக்கணிகளுக்கு இந்தப் பொறுமை வாய்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

காலத்தைப் பொறுத்தும் ஒரு வேறுபாடு. நன்னூலார் வினையெச்ச வாய்பாடு பன்னிரண்டில் ஐந்தை இறந்தகாலத்துக்கும் ஒன்றை நிகழ்காலத்துக்கும் ஆறை எதிர்காலத்துக்கும் பங்கிட்டார். 'செய்து' இறந்தகாலம். ஐரோப்பியர் தமிழுக்கு இலக்கணம் எழுதியபோது இதையே தம் மொழியின் இறந்தகாலப் பார்ட்டிசிப்பிளாகக் கொண்டனர். ஆயினும் 'நாளை வந்து பேசுகிறேன்' என்பதில் 'வந்து' என்பது நாட்காட்டியின்படி இறந்தகாலமா? இன்னும் நிகழாதது. பேச்சுக்கு முன்னே நிகழ்வது என்பதே அதன் 'இறப்பு'. ஆங்கில எச்சமும் முதன்மை வினையை வைத்தே காலம் கணக்கிடுகிறது என்றேன். நம்முடையதும் அப்படித்தான்; ஆனால் நமக்கு முன்பின் வரிசை வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

அது இல்லாததால் விளைந்த ஒரு பெரும் பூசலைப் பார்க்கலாம். அப்போஸ்தலர் பணி நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் பவுல் எபேசு நகரத்துச் சீடர் சிலரிடம், அவர்கள் தூய ஆவியைப் பெற்றதுண்டா என்று வினவுகிறார். அவ்வினாவில் அவர்களது நம்பிக்கையைச் சொல்லும் சொல் கிரேக்கத்தில் ஓர் எச்சம். அவ்வகை எச்சம் முன்நிகழ்ச்சியைச் சொல்வது பெரும்பான்மை. உடன்நிகழ்ச்சியைச் சொல்வதும் உண்டு. 1611இன் ஆங்கிலப் பெயர்ப்பு இதனைச் 'சின்ஸ்' என்று விரித்தது: நம்பிய பிறகு. 1881இல் வந்த திருத்தப் பெயர்ப்பு 'வென்' என்று மாற்றியது: நம்பியபோது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெந்தெகொஸ்தே இயக்கம் எழுந்தபோது, நம்பிக்கைக்குப் பின்னர் ஆவியைப் பெறுதல் தனியொரு அனுபவம் என்ற போதனைக்கு ஆதாரமாக 1611இன் வாசகம் எடுத்தாளப்பட்டது. மறுப்போர் 1881இன் வாசகத்தை எடுத்தனர். 1970இல் ஜேம்ஸ் டன் இப்பொருளில் எழுதிய நூலின் பின்னும் வாதம் ஓயவில்லை. 'பிறகு' என்றால் இரண்டு நிகழ்ச்சி. 'போது' என்றால் ஒன்று. சபைகள் பிரிந்து நிற்கும் ஒரு கோட்டின் நடுவே ஓர் எச்ச விகுதியும் நிற்கிறது. தமிழ்க் கிறித்தவர் பலர் வாசிக்கும் பழைய பெயர்ப்பில் இவ்விடத்தில் 'போது' என்றே இருக்கிறது. கிரேக்க எச்சத்தை எச்சமாகவே வைத்து 'விசுவாசித்து' என்று அவர்கள் எழுதியிருந்தால் தமிழ் எச்சம் தானாகவே 'பிறகு' என்ற பக்கம் சாய்ந்திருக்கும். எந்தச் சார்பு சரி என்று தீர்ப்பது என் வேலையன்று. எச்சத்தை விரித்த கணத்தில் பெயர்ப்பாளர் ஒரு சார்பு எடுத்தே ஆகவேண்டியிருந்தது என்பதே நான் காட்ட விரும்புவது. விக்கிளிஃப் வழியினரின் முன்னுரை 'பொழுது' என்றும் 'பிறகு' என்றும் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அண்மைக்கால மொழியியலாளர் இவ்விரிவை அளவெடுக்க முயன்றனர். கிரெகரி ஸ்டம்ப் 1985இலும் பெர்ன்ட் கோர்ட்மன் 1991இலும் இத்தொடர்களை மட்டுமே பொருளாகக் கொண்டு நூல் எழுதினர். எச்சத்தொடரின் பொருள் அதன் வடிவத்துக்குள் முழுதும் இல்லை, வாசிப்பவன் தன் உலகறிவைக் கொண்டு இட்டு நிரப்புகிறான் என்பது அவ்வாராய்ச்சிகளிலிருந்து நாம் பெறக்கூடியது. 'கதவைத் திறந்து வெளியே வந்தான்' என்பதற்கு ஆங்கிலேயர் 'ஓப்பனிங்' என்றே எழுதலாம், 'ஹேவிங்' தேவையில்லை. திறக்காமல் வெளியே வரமுடியாது என்பது உலகறிவு. ஆகவே முன்பின் தானே விளங்கும். 'பாடிக்கொண்டே நடந்தான்' என்பதற்கும் அதே 'இங்'. அங்கே உடன்நிகழ்ச்சி. ஒரே விகுதிக்கு நாம் 'து' என்றும் 'கொண்டே' என்றும் இரண்டு தனி வடிவம் இடவேண்டியிருக்கிறது.

எல்லாவற்றினும் நம் மொழிபெயர்ப்பாளரை இடறவைப்பது வாக்கியத்தின் இறுதியில் தொங்கும் எச்சம். பேருந்து கவிழ்ந்தது, 'கில்லிங்' இத்தனை பேர். வண்டி ஆறு மணிக்குப் புறப்பட்டது, 'ரீச்சிங்' அடுத்த ஊரை எட்டு மணிக்கு. இங்கே எச்சம் சொல்வது பின்நிகழ்ச்சி. முற்று முதலில் நடக்கிறது, எச்சம் பிறகு நடக்கிறது. தமிழில் எச்சம் முற்றுக்குப் பின்னே நிகழ்வதைச் சொல்ல 'செய்து' வாய்பாட்டுக்கு உரிமை இல்லை. முதுகலை மொழிபெயர்ப்புத் தாள்களில் 'எட்டு மணிக்கு அடுத்த ஊரை அடைந்து வண்டி ஆறு மணிக்குப் புறப்பட்டது' என்ற வகையிலான வாக்கியங்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. நேரம்தான் பின்னோக்கி ஓடுகிறது. நாளிதழ்காரர்கள் இதை நம்மைக் காட்டிலும் நன்றாக அறிவார்கள். 'பேருந்து கவிழ்ந்து பன்னிரண்டு பேர் பலி' என்பது அவர்கள் தலைப்பு. ஆங்கிலத்தில் முற்றாய் இருந்த கவிழ்தலை எச்சமாக்கி, எச்சமாய் இருந்த சாவை இறுதிக்குக் கொண்டுவந்துவிடுகின்றனர். கவிழ்ந்தது பேருந்து, மாண்டவர் மனிதர். எழுவாய் வேறாயினும் எச்சத்திரிபு காக்கும். செய்தி அறையின் அவசரத்தில் பிறந்த அந்தத் தலைப்பில் நிகழ்ச்சிகள் நிகழ்ந்த வரிசையிலேயே நிற்கின்றன.